தண்ணீரில் இறங்கியதும் வேகம் எங்கே போகிறது?

2004ஆம் ஆண்டு ஜூன் 14. இங்கிலாந்தின் டோவரிலிருந்து ஒரு கார் கடலுக்குள் இறங்கியது. ஓட்டியவர் வர்ஜின் நிறுவனங்களின் அதிபர் ரிச்சர்ட் பிரான்சன். விருந்துக்குப் போகிறவரைப் போல கோட்டும் போ-டையும் அணிந்திருந்தார். 1 மணி 40 நிமிடம் 6 விநாடியில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். அதுவரை நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டி ஒன்று அந்தக் கால்வாயைக் கடந்த சாதனை நேரம் ஆறு மணி. கிப்ஸ் நிறுவனத்தின் 'அக்வாடா' என்ற அந்தக் கார் சாலையில் மணிக்கு 160 கி.மீ., நீரில் சுமார் 50 கி.மீ. போகக்கூடியது.

இப்போது இன்னொரு வண்டியைப் பாருங்கள். கனடாவின் 'ஆர்கோ'. ஆறு அல்லது எட்டு குண்டு டயர்கள், குளியல் தொட்டி போல ஓர் உடல். காடு, சேறு, பனி, குளம் எதையும் விடாது. ஆனால் நிலத்தில் மணிக்கு 30 முதல் 40 கி.மீ. தான். நீரில்? சுமார் 5 கி.மீ.! காலையில் வாக்கிங் போகிறவர் கரையோரமாக நடந்தே அதை முந்திவிடலாம். கால்வாயின் மிகக் குறுகிய இடம் சுமார் 34 கி.மீ. அந்தக் கணக்குப்படி ஆர்கோவுக்கு ஏழு மணி நேரம் ஆகும், அதுவும் கடல் ஒரு குட்டை போல அசையாமல் இருந்தால்.

இரண்டுமே நீர்-நில வண்டிகள்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? 'எஞ்சின் சின்னது' என்பது பாதி பதில்கூட இல்லை. மீதிப் பதிலுக்குப் பல ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1928-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீசிய புயலில் ஓகிசோபி ஏரியின் கரை உடைந்து 2,500 பேருக்கும் மேல் இறந்தார்கள். சதுப்பு நிலத்தில் சிக்கியவர்களிடம் போய்ச் சேர வழியில்லை. படகு தரைதட்டி நின்றுவிடும், கார் மூழ்கிவிடும். 1930களின் தொடக்கத்தில் வந்த புயல்களிலும் இதே கதைதான். படகு நிற்கும் இடத்துக்கும் கார் மூழ்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தத் துண்டு நிலத்தைக் கடக்க ஒரு வண்டி வேண்டும் என்று தன் மகனிடம் சொன்னார் ஒரு பணக்காரத் தந்தை. மகன் பெயர் டொனால்ட் ரோப்ளிங். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங்கின் கொள்ளுப்பேரன்.

1935-ல் ரோப்ளிங் உருவாக்கிய வண்டிக்கு 'அலிகேட்டர்' என்று பெயர். அலுமினிய உடல், இரண்டு பக்கமும் டாங்க்கில் இருப்பது போன்ற சங்கிலிப் பட்டை. அந்தப் பட்டையின் மேல் துடுப்பு போலத் தகடுகள். நிலத்தில் பட்டை மண்ணைப் பிடித்துத் தள்ளும், நீரில் அதே தகடுகள் துடுப்பு போடும். புரொப்பெல்லரே கிடையாது. முதல் அலிகேட்டர் நிலத்தில் மணிக்கு 25 மைல் (40 கி.மீ.) ஓடியது. நீரில் 2.3 மைல், அதாவது நாலு கி.மீ.கூட இல்லை.

அடுத்த சில ஆண்டுகள் ரோப்ளிங் இந்த எண்ணோடு மல்லுக்கட்டினார். எடையைக் குறைத்தார், தகடுகளின் வடிவத்தை மாற்றினார். நீரில் வேகம் ஏறியது, நிலத்தில் இறங்கியது! அமெரிக்க மரைன் படை இதை வாங்கி, 1941-ல் ஃபுட் மெஷினரி கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் எல்.வி.டி-1 என்ற பெயரில் தயாரித்தபோது நிலத்தில் 12 மைல், நீரில் 6 மைல் என்று வந்து நின்றது. (பெயரைப் பார்த்தாலே தெரியும், பழம், காய்கறி பதப்படுத்தும் இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த கம்பெனி. போர் வந்தால் யார் எதைச் செய்ய வேண்டிவரும் என்று சொல்ல முடியாது.) ஒரு பக்கம் கூட்டினால் மறு பக்கம் குறைகிறது. இந்தத் தராசு பின்னால் வந்த எல்லா வண்டிகளையும் விடாமல் துரத்தியது.

மெதுவான வண்டி என்று யாரும் அதை ஒதுக்கவில்லை. 1943 நவம்பரில் பசிபிக் கடலின் தராவா தீவில் அமெரிக்கப் படை இறங்கியபோது ஓதம் குறைவாக இருந்தது. வேகமான தரையிறங்கு படகுகள் பவளப்பாறையில் தட்டி நின்றன. வீரர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர் நீரில் நடந்தே போக வேண்டியிருந்தது. மூன்று நாள் போரில் மரைன்கள் மட்டும் சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள். பாறையின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கிக் கரைக்குப் போனவை நடந்து போகிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக மட்டுமே நீந்தத் தெரிந்த அந்தச் சங்கிலி வண்டிகள்தான்.

அதே போரில் இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. பட்டையை விட்டுவிட்டு, ஒரு சாதாரண ராணுவ லாரியைப் படகுக்குள் பொருத்தினால்? 1942-ல் வந்த டி.யு.கே.டபிள்யூ. அப்படிப் பிறந்தது. அது ஜெனரல் மோட்டார்ஸின் மாடல் குறியீடு. வீரர்கள் வாயில் அது 'டக்', அதாவது வாத்து ஆகிவிட்டது. ஆறு சக்கரம், சுமார் 90 குதிரைத்திறன் எஞ்சின், நீரில் போகப் பின்னால் தனி புரொப்பெல்லர். சாலையில் 80 கி.மீ. நீரில் ஐந்தரை நாட், அதாவது சுமார் 10 கி.மீ.

முதலில் ராணுவத்துக்கு இதில் நம்பிக்கையே இல்லை. 1942 டிசம்பரில் மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுன் அருகே ஒரு கடலோரக் காவல் படகு புயலில் மணல் திட்டில் சிக்கியது. காற்று 60 நாட் வரை வீசியது, எந்தப் படகும் நெருங்க முடியவில்லை. சோதனைக்காக அங்கே கொண்டுவந்திருந்த ஒரு டக் போய் ஏழு பேரையும் மீட்டு வந்தது. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. போர் முடிவதற்குள் 21 ஆயிரத்துக்கும் மேல் தயாரித்தார்கள்.

ஜெர்மனியின் ஷ்விம்வாகனைப் பாருங்கள், ஃபோக்ஸ்வாகன் செய்த சின்ன வண்டி. நிலத்தில் 80, நீரில் 10. டக்கும் 80, 10. ஒன்று ஆறு டன் லாரி, இன்னொன்று ஒரு டன்கூட இல்லாத சின்னக் கார். இரண்டும் நீரில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கின்றன. போர் முடிந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை. எல்.வி.டி-1 செய்த அதே ஃபுட் மெஷினரி கம்பெனி, எஃப்.எம்.சி. என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு 1972-ல் எல்.வி.டி.பி-7 என்ற புதிய வண்டியைக் கொடுத்தது. 400 குதிரைத்திறன், தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளும் இரண்டு ஜெட் பம்புகள். நிலத்தில் 72 கி.மீ. நீரில் 13. முப்பது ஆண்டு உழைப்புக்கு நீரில் கிடைத்த லாபம் 3 கி.மீ.!

ஏன் என்பதற்கான விடை இந்த வண்டிகள் எல்லாம் பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1872-ல் டார்க்கீ ஊரில் தன் வீட்டருகே நீளமான தண்ணீர்த் தொட்டி கட்டி, அதில் கப்பல் பொம்மைகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். அவர் ஆராய்ந்தது அலையை. படகு நகரும்போது அதன் மூக்கில் ஓர் அலை எழும். வேகம் கூடக் கூட அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி நீளும். ஒரு வேகத்தில் அந்த இடைவெளியும் படகின் நீளமும் சமமாகிவிடும். அதைத் தாண்டிப் போக முயன்றால் பின்பகுதி பள்ளத்தில் இறங்கும், மூக்கு மேலே தூக்கும். அதாவது படகு, தானே உண்டாக்கிய அலையின் மேல் மலையேறத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எஞ்சினுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அலை பெரிதாகுமே தவிர வேகம் பெரிதாகக் கூடாது.

இதிலிருந்து வந்த எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்கள். வருவது நாட் கணக்கில் அந்தப் படகின் இயல்பான உச்ச வேகம். எல்.வி.டி.பி-7 சுமார் 26 அடி. வர்க்கமூலம் 5.1, பெருக்கினால் 6.8 நாட். கிலோமீட்டரில் 12.6. உண்மையில் வண்டி போனது 13! டக் 31 அடி, கணக்குப்படி ஏழரை நாட் வரவேண்டும், ஐந்தரைதான் வந்தது. காரணம், அதன் ஆறு சக்கரங்களும் ஆக்சில்களும் அடியில் தொங்கிக்கொண்டு நங்கூரம் போல இழுத்தன. நூறு அடிக் கப்பலுக்கு இதே கணக்கில் 13 நாட் கிடைக்கும். வண்டி என்பது சாலையில் திரும்ப வேண்டும், கரையில் ஏற வேண்டும், அதனால் குட்டையாகத்தான் இருக்க முடியும். குட்டையாக இருந்தால் நீரில் மெதுவாகத்தான் போக முடியும். எஞ்சின் அப்புறம்.

சரி, ஆர்கோவுக்கு வருவோம்.

1960களின் தொடக்கத்தில் கனடாவில் 'ஜிகர்' என்ற ஆறு சக்கரக் குட்டி வண்டி வந்தது. வேட்டைக்காரர்களும் மீன்பிடிக்கப் போகிறவர்களும் விரும்பி வாங்கினார்கள். பார்த்துப் பார்த்து அந்தப் பத்தாண்டின் கடைசியில் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஏகப்பட்ட சின்னக் கம்பெனிகள் இதில் குதித்தன. ஒன்டாரியோ மாகாணத்தின் நியூ ஹாம்பர்க் ஊரில் 1962-ல் தொடங்கிய, பல்சக்கரங்கள் செய்யும் ஒரு நிறுவனம் 1967-ல் ஆர்கோவைக் கொண்டுவந்தது. ரோப்ளிங் பட்டையில் துடுப்பு வைத்தார் அல்லவா, இவர்கள் டயரையே துடுப்பாக்கிவிட்டார்கள். புரொப்பெல்லர் இல்லை, சுக்கான் இல்லை. டயர் சுற்றினால் நிலத்திலும் போகும், நீரிலும் போகும்.

இது எவ்வளவு மோசமான துடுப்பு என்று யோசித்துப் பாருங்கள். சுற்றும் டயரின் அடிப்பகுதி தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, வண்டி முன்னே போகிறது, சரி. ஆனால் அதே டயரின் மேற்பகுதி எதிர்த் திசையில் சுற்றுகிறது. அங்கேயும் தண்ணீர் இருந்தால் அதை முன்னால் தள்ளும், வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். வண்டியின் உடல் டயரின் மேல்பாதியை மூடினாற்போல இருப்பதால் இந்த நஷ்டம் ஓரளவு குறைகிறது, அவ்வளவுதான். நிலத்தில் ஒரு சுற்றுக்கு டயரின் முழுச் சுற்றளவு தூரம் வண்டி நகரும். நீரில் டயர் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றுகிறது. பத்தடி வண்டிக்கு ஃபுரூட் கணக்குப்படி 4.2 நாட், அதாவது 7.8 கி.மீ. கிடைக்க வேண்டும். ஆர்கோ அந்த அலைச் சுவர் வரைக்கும்கூடப் போவதில்லை. அதற்கு முன்பே துடுப்பு தோற்றுவிடுகிறது. பின்னால் அவுட்போர்டு மோட்டார் மாட்டிக்கொள்ள ஆர்கோவிலேயே ஒரு பிராக்கெட் தருகிறார்கள். அதை மாட்டினால் சுவர் வரை போகலாம், சுவரைத் தாண்ட முடியாது.

நீரில் மெதுவாகப் போவதற்குக் காரணம் புரிகிறது. நிலத்தில் ஏன் 40-ஐத் தாண்டவில்லை? இங்கேதான் சுவாரஸ்யம். நீருக்காகச் செய்த ஏற்பாடுகள்தான் நிலத்தில் வந்து காலை வாருகின்றன.

காரில் ஆக்சில் மேலும் கீழும் அசையும், சஸ்பென்ஷன் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆர்கோ மாதிரி வண்டியில் ஆக்சில்கள் படகு போன்ற உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. துளையில் சீல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்த ஆக்சில் மேலும் கீழும் அசைந்தால் துளையை அடைப்பது எப்படி? முடியாது என்பதில்லை, ஆனால் செலவு கூடும், ஒழுகும் இடங்களும் கூடும். அதனால் ஆக்சில்களை அசையாமல் பொருத்திவிட்டு, சஸ்பென்ஷன் வேலையை டயரிடம் விட்டார்கள். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் காற்றடிப்போம். இதில் சில பவுண்டுகள்தான். கையால் அழுத்தினால் அமுங்கும். மிதக்கவும் இந்தக் காற்று உதவுகிறது, சேற்றில் புதையாமல் இருக்கவும் உதவுகிறது. மெதுவாகப் போகும்வரை மெத்தை போல இருக்கும். வேகம் கூடினால் ஷாக் அப்சார்பர் இல்லாத ரப்பர் பந்து என்ன செய்யுமோ அதைச் செய்யும். குதிக்கும்!

இன்னொன்று, திருப்புவது. சக்கரம் சாய்ந்து திரும்ப வேண்டுமானால் உடலில் அதற்கு இடம் விட வேண்டும், மறுபடி அசையும் மூட்டு, மறுபடி ஒழுகல். அதனால் டாங்க் திரும்புவது போல ஒரு பக்கச் சக்கரங்களைப் பிரேக் போட்டு, மறுபக்கத்தை ஓடவிட்டுத் திருப்புகிறார்கள். 15 கி.மீ. வேகத்தில் இது அருமையான ஏற்பாடு, நின்ற இடத்திலேயே சுற்றலாம். 60 கி.மீ.-ல் லேசாக ஒரு பக்கம் பிடித்தாலே வண்டி சுழன்று கவிழ்ந்துவிடும். அதனால் கியரையே இழுவைக்கு ஏற்றாற்போல் வைக்கிறார்கள், வேகத்துக்கு அல்ல. பின்னாளில் ரஷ்யாவில் பிறந்த 'ஷெர்ப்' வண்டியும் இதே வழிதான். ஆளுயர டயர், 44 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், நிலத்தில் 40 கி.மீ., நீரில் 6.

1970-ல் ஹோண்டா மூன்று சக்கர ஏ.டி.வி.யை அமெரிக்காவில் இறக்கியது. நீந்தாது, ஆனால் விலை குறைவு, வேகம் அதிகம், ஓட்ட ஜாலி. வேகம் விரும்பிய இளைஞர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நீர்-நில வண்டிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. ஆர்கோ தப்பித்தது. வேகத்தில் போட்டி போடாமல், வேறு எதுவும் போக முடியாத இடத்துக்குச் சரக்கு கொண்டுபோகிற வண்டி என்று தன்னை விற்றுக்கொண்டதுதான் காரணம். வியாபார ரீதியாகப் பார்த்தால் அது புத்திசாலித்தனமான முடிவு.

சுவரைத் தாண்ட வழியே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. அலையைக் கிழித்துக்கொண்டு போகாமல், நீரின் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு போவது. ஸ்பீட் போட் அப்படித்தான் போகிறது. அதற்குத் தட்டையான, வழவழப்பான அடிப்பகுதி வேண்டும். எடைக்கு மிஞ்சிய எஞ்சின் வேண்டும். முக்கியமாக, சக்கரம் நீரில் தொங்கக் கூடாது. அக்வாடா நீரில் இறங்கியதும் சக்கரங்களை மேலே மடக்கிக்கொள்ளும், பிரான்சனின் சாதனைக்குப் பின்னால் இருந்த ரகசியம் அதுதான். அதே கிப்ஸ் நிறுவனம் 2012-ல் 'குவாட்ஸ்கி'யை வெளியிட்டது. பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் எஞ்சின் பொருத்திய ஏ.டி.வி. ஐந்து விநாடியில் சக்கரம் மடங்கும். நிலத்திலும் 72 கி.மீ., நீரிலும் 72 கி.மீ.! நீரில் 140 குதிரைத்திறனையும் பயன்படுத்தும், நிலத்தில் 80-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். பல ஆண்டுகளாகத் தலைகீழாக இருந்த கணக்கு நேரானது. விலை சுமார் 40,000 டாலர். ஒரு நல்ல ஏ.டி.வி.யும் ஒரு நல்ல ஜெட் ஸ்கியும் தனித்தனியாக வாங்கினாலும் மிச்சம் இருக்கும். சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றுபோனது.

பணக்காரர்களின் பொம்மைக்கு இந்தக் கதி என்றால், ராணுவத்தின் கணக்கு இன்னும் பெரியது. கரையிலிருந்து ஏவுகணை வரும் காலத்தில் கப்பல் தூரத்தில் நிற்க வேண்டும். 25 கடல் மைல் என்று வைத்துக்கொண்டால், 7 நாட் வண்டிக்குள் வீரர்கள் மூன்றரை மணி நேரம் ஆடிக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு வர வேண்டும். 25 நாட் வேகம் இருந்தால் ஒரே மணி நேரம். அதற்காக ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனம் இ.எஃப்.வி. என்ற வண்டியை உருவாக்கியது. சுமார் 35 டன் எடையை நீரின் மேல் எழுப்ப 2,700 குதிரைத்திறன் எஞ்சின். நிலத்தில் ஓட அதில் 850 போதும்! வேகம் வந்தது, 46 கி.மீ. ஆனால் 2006-ல் நடந்த சோதனையில் சராசரியாக நாலரை மணி நேரத்துக்கு ஒரு முறை பழுதானது. இன்னொரு சிக்கலும் இருந்தது. நீரில் வழுக்கத் தட்டையான அடிப்பகுதி வேண்டும், ஈராக்கில் வீரர்களைக் கொன்றுகொண்டிருந்த சாலையோரக் குண்டுகளுக்கோ வி வடிவ அடிப்பகுதிதான் பாதுகாப்பு. 2011 ஜனவரியில் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் திட்டத்தை ரத்து செய்தார். அதற்குள் 300 கோடி டாலர் செலவாகியிருந்தது. முழுவதும் தயாரிக்க இன்னும் 1,200 கோடி தேவைப்பட்டிருக்கும்.

அதனால் 1972-ன் வண்டியே, பெயர் மாறி, பழுது பார்க்கப்பட்டு, கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. 2020 ஜூலை 30 அன்று கலிஃபோர்னியாவின் சான் கிளெமென்டே தீவிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் வழியில் அவற்றில் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நீர் புகுந்து மூழ்கியது. எட்டு மரைன்கள், ஒரு கடற்படை வீரர், மொத்தம் ஒன்பது பேர் இறந்தார்கள். விசாரணை குறை சொன்னது பராமரிப்பையும் பயிற்சியையும்தான், வேகத்தை அல்ல. 2021 டிசம்பரில் அந்த வண்டிகளை அவசரத் தேவை தவிரக் கடலில் இறக்குவதில்லை என்று மரைன் படை முடிவு செய்தது.

அதற்குப் பதிலாக வந்த வண்டி ஏ.சி.வி. எட்டு சக்கரம், இத்தாலியின் இவெகோ வடிவமைப்பு, தயாரிப்பு பி.ஏ.இ. நிலத்தில் மணிக்கு 105 கி.மீ. நீரில் 6 நாட், அதாவது 11 கி.மீ. தூரத்தை அது நீந்திக் கடக்க வேண்டியதில்லை. 40 நாட் வேகத்தில் பறக்கும் ஹோவர்கிராஃப்ட் போன்ற கலங்கள் அதைச் சுமந்துவந்து கரைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போகலாம் என்பது மரைன் படையின் யோசனைகளில் ஒன்று. கடைசிச் சில கிலோமீட்டரை மட்டும் அது தன் வேகத்தில் நீந்தி, மணல் திட்டைத் தாண்டி மேலே ஏறும்.